மூன்றாம் வகுப்புப் பையனை வகுப்பே சேர்ந்து ஒதுக்குவது எதனால்?

#1 · வள்ளியாறு · தக்கலை

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளியின் பெயர் வேண்டாம். இரண்டாம் வகுப்பு வரை கத்தாரில் இருந்தோம், இந்த ஆண்டுதான் ஊரில் சேர்த்தோம். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுதுவதில் தடுமாற்றம் உண்டு. உடம்பும் கொஞ்சம் பருமன். அவன் செய்த குற்றம் இவ்வளவுதான்.

ஓணம் விடுமுறை முடிந்ததிலிருந்து காலையில் வயிற்றுவலி என்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வலி வருவதில்லை. பள்ளியில் சிறுநீர் கழிக்கவே போவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கழிப்பறைக்குள் போனால் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார்களாம். ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், அதை இங்கே எழுத மனம் வரவில்லை. விளையாட்டில் சேர்ப்பதில்லை. அவனோடு பேசுகிற பிள்ளையையும் ஒதுக்கிவிடுகிறார்கள்.

'தகப்பன் பக்கத்தில் இல்லாத பையன் பூஞ்சையாகத்தான் இருப்பான்' என்கிறார் மாமியார். கணவர் இன்னும் கத்தாரில்தான் இருக்கிறார். திருப்பி அடிக்கச் சொல் என்கிறார். வகுப்பு ஆசிரியையோ, 'சின்னப் பிள்ளைகள் விளையாட்டு, பெரிதாக்க வேண்டாம்' என்று அனுப்பிவிட்டார். ஆறுதல் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது, எட்டு வயதில் இது ஏன் நடக்கிறது என்பதுதான். பிள்ளையிடம் ஏதாவது இருக்கிறதா, வீட்டிலா, பள்ளியிலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · கோட்டாறு பஜார்

ஒரே ஒரு அடி. திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள் அக்கா. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் தப்பித்து வந்தோம்.

#3 · தேரடி வாத்தியார் · சுசீந்திரம்

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பஜார் தம்பியின் வைத்தியத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவோம்.

பென்சிலுக்காக இரண்டு பிள்ளைகள் கட்டிப் புரண்டால் அது சண்டை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரே தட்டில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் மகனுக்கு நடப்பது அந்த வகை அல்ல. நார்வே நாட்டில் வாழ்ந்த டான் ஒல்வேயுஸ் என்பவர் 1970களிலேயே இதை ஆராயத் தொடங்கியவர். சண்டையிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு பக்கமும் சம பலம் இல்லாதிருப்பது. மூன்றாவதுதான் முக்கியம். பலம் என்றதும் நாம் கைப்பலத்தை நினைத்துக்கொள்கிறோம். பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், டீச்சரிடம் யாருக்குச் செல்வாக்கு, மொழி யாருக்கு நன்றாக வருகிறது, ஊருக்குப் பழையவன் யார் என்பதும் பலம்தான். உங்கள் மகன் இதில் எல்லாவற்றிலும் ஒரு படி கீழே நிற்கிறான். தாழ்ப்பாள் போடுகிற கூட்டத்தில் ஒருவனை இவன் அடித்தால் நாளைக்கு எத்தனை பேர் இவனை அடிப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் பிள்ளைகளைச் சிறுவயது முதல் இளைஞராகும் வரை தொடர்ந்து கவனித்து, 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துன்புறுத்தப்பட்டவர்கள், துன்புறுத்தியவர்கள், இரண்டுமாக இருந்தவர்கள் என்று பிரித்துப் பார்த்ததில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் அந்த மூன்றாம் கூட்டத்தினர்தான். மனச்சோர்வும் பீதிக் கோளாறும் அவர்களிடம் அதிகம். திருப்பி அடிக்கப் பழக்குகிறவர்கள் பிள்ளையை எந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

உடல் பருமன் பற்றி எழுதியிருந்தீர்கள். பருமனான பிள்ளைகள் கூடுதலாகச் சீண்டப்படுவது உண்மைதான். மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அந்தப் பிள்ளை நன்றாகப் பழகுகிறவனா, நன்றாகப் படிக்கிறவனா, வசதியுள்ள வீட்டுப் பிள்ளையா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்தக் கூடுதல் ஆபத்து குறையவில்லை என்று சொன்னது. ஆகவே, 'பையனுக்குப் பழகத் தெரியவில்லை, அதுதான் காரணம்' என்று யாராவது உங்களிடம் சொன்னால் தலையாட்டாதீர்கள்.

#4 · நாஞ்சில் வயல் · பூதப்பாண்டி

சுற்றி வளைத்துப் பேசுவானேன்? கைப்பேசிதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குத்து, வெட்டு, துப்பாக்கி விளையாட்டைப் பார்த்துக்கொண்டே சோறு தின்கின்றன. தின்று முடித்து வந்து அடுத்த பிள்ளையின் மேல் அதைச் செய்து பார்க்கின்றன. பெற்றோருக்குக் கண்டிக்க நேரமில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவு, மாநிலத்திலேயே முதலிடம். படித்த பெற்றோர் வளர்க்கிற லட்சணம் இது.

#5 · தேரடி வாத்தியார் · சுசீந்திரம்

நாஞ்சில் வயல் அண்ணாச்சி சொல்வதில் பாதியை ஏற்கலாம். நான்கு வயதில் அதிக நேரம் தொலைக்காட்சி பார்த்த பிள்ளைகள், ஆறு வயதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் பிறரைத் துன்புறுத்துவது கூடுதலாக இருந்ததாக 2005இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதே தாளில் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அந்த வயதில் பிள்ளைக்குக் கதை படித்துக் காட்டி, வெளியே கூட்டிக்கொண்டு போய், பேசிச் சிரித்து வளர்த்த வீடுகளில் அந்த ஆபத்து குறைந்தது. திரை மட்டும் தனியாக நின்று பிள்ளையைக் கெடுப்பதில்லை. திரைக்கு எதிர்ப்பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வருகிறது. தொடர்பு இருக்கிறது என்பதால் அதுவே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது; முரட்டுப் பிள்ளையை அடக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்காரவைக்கிற வீடும் உண்டு.

#6 · கடலோடி மகள் · குளச்சல்

வள்ளியாறு அக்கா, உங்கள் மாமியார் சொன்னதற்கு நான் பதில் சொல்கிறேன். தகப்பன் பக்கத்தில் இல்லாததுதான் காரணம் என்றால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பிள்ளைகள் எல்லோருமே பள்ளியில் அடிவாங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்பாத கரை அது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு திரும்பியே வராத தகப்பன்மார் எத்தனை பேர்! அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் நல்ல தைரியசாலிகளை எனக்குத் தெரியும். வீட்டில் மிச்சம் இருப்பவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் பிள்ளைக்குத் தாங்கு.

என்னைப் பற்றிச் சொல்வதானால், கடற்கரையிலிருந்து மேட்டுப்பகுதிப் பள்ளிக்குப் போனவள் நான். முதல் வாரத்திலேயே பெயர் வந்துவிட்டது, மீன் வாடையை வைத்து. வைத்தது யார் தெரியுமா? பிள்ளைகள் அல்ல. 'இந்தக் கடற்கரைக் கூட்டத்தைத் தனியாக உட்கார வை' என்று ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அது ஒரு வேடிக்கை. பிள்ளைகளுக்கு அது உத்தரவு. அதன் பிறகு பெஞ்சில் எனக்கு இடம் கிடைக்கவே இல்லை.

ஆகவே அக்கா, ஒன்று விசாரித்துப் பாருங்கள். உங்கள் மகனின் பட்டப்பெயர் முதலில் யார் வாயிலிருந்து வந்தது?

#7 · தேரடி வாத்தியார் · சுசீந்திரம்

மகளே, நீங்கள் சொன்ன 'தாங்கு' விஷயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த நீண்ட ஆய்வில், தொடக்கப் பள்ளியில் துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளில் யார் நொறுங்காமல் நிமிர்ந்தார்கள் என்று 2010இல் பார்த்தார்கள். தாயின் அரவணைப்பு, அண்ணன் தம்பி அக்கா தங்கையோடு நெருக்கம், வீட்டில் இதமான சூழல், இந்த மூன்றும் உதவின. அதே ஆய்வின் முந்தைய பகுதியில் வீட்டு வன்முறையும் பிள்ளையை அடித்து வதைப்பதும் ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரிந்தது. பெரிய பள்ளிகளில் துன்புறுத்தப்படும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. ஆக, வீட்டுக்கும் பங்கு உண்டு. தகப்பன் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது அந்தப் பங்கு அல்ல.

#8 · கருங்கல் அம்மா

இந்த இழையைப் படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வருகிறது. மறைக்காமல் சொல்கிறேன், என் மகன் மேல்தான் பள்ளியில் புகார் வந்திருக்கிறது. நான்காம் வகுப்பு. படிப்பில் முதல். வகுப்புத் தலைவன். வீட்டில் யாரும் அவனை அடிப்பதில்லை, சண்டைப் படங்கள் பார்ப்பதில்லை, ஞாயிறு மறைக்கல்விக்குத் தவறாமல் போகிறான். 'முரட்டுப் பிள்ளை', 'வளர்ப்பு சரியில்லை' என்றெல்லாம் எழுதுகிறீர்கள். யாருடைய வளர்ப்பைச் சொல்கிறீர்கள்? புகார் கொடுத்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராகத் தலைமையாசிரியரிடம் போனார். என் பையன் வில்லன் இல்லை.

#9 · கோட்டாறு பஜார்

எல்லா வில்லனுக்கும் ஓர் அம்மா இருப்பார்.

#10 · மட்டுறுத்துநர்

பஜார், இது கடைசி எச்சரிக்கை. கருங்கல் அம்மா துணிந்து எழுதியிருக்கிறார், அந்தத் துணிவுக்கு மரியாதை கொடுங்கள்.

#11 · தேரடி வாத்தியார் · சுசீந்திரம்

கருங்கல் அம்மா, உங்கள் மகன் வில்லன் அல்ல என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. அதனாலேயே நீங்கள் எழுதியது இந்த இழையில் மிக முக்கியமானது என்று நினைக்கிறேன்.

பிறரைத் துன்புறுத்துகிற பிள்ளை என்றால் மந்தபுத்தி, முரடன், வீட்டில் அடிபட்டவன் என்று ஒரு படம் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளும் உண்டு. ஆனால் 1999இல் இங்கிலாந்தில் ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற பிள்ளைதான் அடுத்தவர் மனத்தைப் படிப்பதில் கூட இருந்தவர்களை எல்லாம் விடக் கெட்டிக்காரனாக இருந்தான். எதைச் சொன்னால் அழுவான், எப்போது சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள், டீச்சர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. புத்தி இருக்கிறது, பதவி இருக்கிறது, பெரியவர்களிடம் நல்ல பெயர் இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையின் மேல் புகார் வந்தால் யாரும் நம்புவதில்லை. நீங்கள் நம்பாததிலும் வியப்பில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வகுப்புத் தலைவன் என்றீர்கள். ஆசிரியர் வெளியே போகும்போது பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிற வேலை அவனுக்கு இருக்கிறதா? கையில் குச்சி உண்டா?

#12 · கருங்கல் அம்மா

பெயர் எழுதுவான். குச்சி இல்லை, அளவுகோல்தான். எல்லாப் பள்ளியிலும் அப்படித்தானே? டீச்சரே கொடுத்த வேலை. அவனாக எடுத்துக்கொண்டது இல்லை.

#13 · மலையோரம் · பேச்சிப்பாறை பக்கம்

டீச்சரே கொடுத்த வேலை என்பதுதான் விஷயமே. நான் இப்போது பணியில் இருக்கும் இடைநிலை ஆசிரியை. எங்கள் பக்கத்துப் படத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. ஒன்று முதல் ஐந்து வரை ஒரே கூடம், நடுவில் பீரோவும் பலகையும்தான் மறைப்பு. ஐந்து வயதுக் குழந்தையும் பத்து வயதுப் பையனும் ஒரே தரையில் உட்காருகிறார்கள். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் அன்றைக்கு ஓராசிரியர் பள்ளி. இருக்கிற ஒருவரும் கல்வி மேலாண்மை இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும், சத்துணவைப் பார்க்க வேண்டும், வந்த பெற்றோரிடம் பேச வேண்டும். அந்த நேரத்தில் கூடத்தை அமைதியாக வைத்துக்கொள்ள ஒரே வழி ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுப்பது. பல பள்ளிகளில் இதுதான் வழக்கம். அந்தப் பையன் என்ன செய்வான்? நண்பன் பேசினால் எழுத மாட்டான். காணிப் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வருகிற பிள்ளை மூச்சு விட்டாலும் எழுதுவான். பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போவான். பெயரை அழிக்க மாங்காய், பென்சில், ஸ்டிக்கர் கப்பம் வாங்குவான். ஆசிரியை திரும்பி வந்து அந்தப் பட்டியலை வைத்துத் தண்டித்தால் அவன் அதிகாரத்துக்கு முத்திரை விழுந்துவிடுகிறது.

அடுத்தது நேரம். இங்கே ரப்பர் பால் வெட்டப் போகிற பெற்றோர் விடியும் முன்பே வீட்டை விட்டுப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தாமாகக் கிளம்பி எட்டு மணிக்கே பள்ளி வராந்தாவில் இருக்கும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததால் பசி தீர்ந்தது. அதைப் பெரிய விஷயம் என்றே சொல்வேன். ஆனால் சமையல் செய்கிற அக்கா உப்புமாப் பானையைப் பார்ப்பாரா, தூணுக்குப் பின்னால் நடப்பதைப் பார்ப்பாரா? ஆசிரியர் வருவதற்கு முந்திய அந்த இடைவேளையில்தான் எங்களிடம் வருகிற புகார்களில் பாதி நடக்கிறது.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல மாவட்டங்களுக்கு ஒரு பருவமழைதான் பெரிது, நமக்கு இரண்டும். ஜூனிலும் அடைப்பு, அக்டோபரிலும் அடைப்பு. வெளியே ஓட முடியாத நாட்களில் அத்தனை பேரும் ஒரு வராந்தாவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது சீண்டல் கூடும். இதற்கு என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை. கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

#14 · கடலோடி மகள் · குளச்சல்

டீச்சர், ஆள் பற்றாக்குறையை மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பெயர் வைத்த பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். கண்காணிக்க ஆள் இல்லாதது ஒரு காரணம். இருக்கிற ஆள் யாரை மதிக்கிறார், யாரை மதிக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் படித்துவிடுவது வேறு காரணம். இரண்டாவதுக்குக் கூடுதல் பணியிடம் கேட்டு மனுப்போட முடியாது.

#15 · மலையோரம் · பேச்சிப்பாறை பக்கம்

ஒப்புக்கொள்கிறேன் சகோதரி. பரீட்சைத் தாள் கொடுக்கும்போது குறைந்த மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி உரக்கப் படிக்கிற ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். வகுப்பில் யார் கீழ், யார் மேல் என்பதை அவர்களே வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு வேலை மிச்சம்.

#16 · தேரடி வாத்தியார் · சுசீந்திரம்

பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்ற பேராசிரியரின் குழு 2014இல் ஏறத்தாழ இதையே எண்களில் காட்டியது. செல்வாக்கு ஒரு சிலர் கையில் குவிந்திருக்கிற வகுப்புகளில் துன்புறுத்தல் பிற்பாடு கூடியது. அது கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் செய்த ஆய்வு. ஆனால் தொடக்கப் பள்ளியில் படிக்கட்டைக் கட்டிக் கொடுப்பவர்கள் நாமே என்பதால் இங்கே இன்னும் பொருந்தும் என்பது என் கட்சி.

அதே பேராசிரியர் 1996இல் செய்த வேறொரு வேலையும் இங்கே உதவும். செய்கிறவன், வாங்குகிறவன் என்று இரண்டு பேரை மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டு முழு வகுப்பையும் பார்த்தார். கூடப் பிடித்துக்கொள்கிறவன், சிரித்து ஏற்றிவிடுகிறவன், ஒதுங்கிப் போகிறவன், தடுக்கிறவன் என்று எல்லோருக்கும் ஒரு வேடம் இருந்தது. கனடாவில் டெப்ரா பெப்ளரும் வெண்டி கிரெய்கும் பள்ளி மைதானத்தில் ஒளிப்பதிவுக் கருவியும் பிள்ளைகளின் சட்டையில் ஒலிவாங்கியும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று முதல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். பெரியவர்கள் குறுக்கிட்டது நூற்றில் நான்கு சம்பவங்களில்தான். 2001இல் வந்த அவர்களது அடுத்த ஆய்வில், 88 சதவீதச் சம்பவங்களில் பிற பிள்ளைகள் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் தடுக்க முன்வந்தது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குச் சம்பவங்களில்தான். ஆனால் அப்படி ஒரு பிள்ளை குறுக்கிட்டபோது பாதிக்கு மேற்பட்ட முறை, 57 சதவீதம், பத்து விநாடிக்குள் அது நின்றுவிட்டது.

பத்து விநாடி! 'ஏய், விடு அவனை' என்று சொல்ல ஆகிற நேரம். வள்ளியாறு அம்மா, உங்கள் மகன் வகுப்பில் அப்படிச் சொல்லக்கூடிய பிள்ளை யார் என்று கண்டுபிடிப்பது, தாழ்ப்பாள் போட்டவன் யார் என்று கண்டுபிடிப்பதைவிடப் பயன் தரும்.

#17 · பறக்கைக்காரன்

யாரும் தொடாத ஒன்றைத் தொடுகிறேன். நம் மாவட்டத்தில் மதமும் சாதியும் இல்லாமல் எந்தப் பேச்சும் முழுமையாகாது. 2023 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்தில், நாங்குநேரியில், வகுப்புத் தோழர்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் வண்ணக் கயிறு கட்டத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் என்று பரிந்துரைகள் வந்தன. அது பன்னிரண்டாம் வகுப்பு. ஆனால் அந்த வெறுப்பு பன்னிரண்டாம் வகுப்பில் திடீரென்று முளைத்ததா?

#18 · நாஞ்சில் வயல் · பூதப்பாண்டி

எட்டு வயதுப் பிள்ளைக்குச் சாதி தெரியுமா? இதை எல்லாவற்றிலும் இழுக்காதீர்கள்.

#19 · மலையோரம் · பேச்சிப்பாறை பக்கம்

பெயர் தெரியாது, அண்ணாச்சி. எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், எந்த வீட்டில் கூடாது என்பது தெரியும். யார் வீட்டுப் பண்டத்தை வாங்கினால் அம்மா தூக்கி எறிவார் என்பது தெரியும். மூன்றாம் வகுப்பில் 'அவன் டப்பாவிலிருந்து தின்னாதே' என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, காரணம் கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. தோவாளை பக்கம் செங்கல் சூளைக்கு வருகிற வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தால் முதலில் நடப்பதும் இதுதான். தமிழ் தெரியாததைச் சாக்காக வைத்து ஒதுக்குகிறார்கள். பெண் பிள்ளைகள் இதில் இன்னும் நுணுக்கம். அடிக்க மாட்டார்கள். 'நீ அவளோடு சேர்ந்தால் நான் உன்னோடு டூ' என்பதோடு சரி. அந்த ஒதுக்கலும் ஒரு வகைத் தாக்குதல்தான், பெண் பிள்ளைகளிடம் அது கூடுதல் என்று 1995இல் மூன்று முதல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு சொல்கிறது. ஆசிரியர் கண்ணில் அது படவே படாது, ஏனென்றால் சத்தம் இல்லை, இரத்தம் இல்லை.

#20 · மட்டுறுத்துநர்

சாதி, மதப் பெயர் சொல்லாமல் பேசியதற்கு நன்றி. இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 1982 மண்டைக்காடு மதக் கலவரத்தை இங்கே மறுபடி நடத்த வேண்டாம்.

#21 · கோட்டாறு பஜார்

சரி, அடிக்க வேண்டாம். போலீசில் புகார் கொடுக்கலாமா?

#22 · குழித்துறை வக்கீல்

பஜார் நண்பரே, ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. பாரதிய நியாய சம்ஹிதை பிரிவு 20. ஏழு முதல் பன்னிரண்டு வரை, செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி இல்லையென்றால் குற்றமாகாது, பிரிவு 21. எட்டு வயதுப் பையன்களை நிலையத்துக்கு இழுத்தால் உங்களுக்கு மிஞ்சுவது ஊர்ப் பகை மட்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆசிரியர் பட்டப்பெயர் வைப்பதை இதன் கீழ் கேட்கலாம். ஆனால் நம் மாவட்டத்துக்கு ஒரு சிக்கல். இங்கே உதவி பெறும் பள்ளிகளில் பல சிறுபான்மை நிறுவனங்கள். அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே சட்டப் பிரிவை நீட்டிக்கொண்டு போவதற்கு முன்பு பள்ளி எந்த வகை என்று பாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டுக்கும் எந்தப் பள்ளிப் பிள்ளைக்காகவும் பேசலாம். அதற்கு முன்பாக, நாள், நேரம், இடம், பக்கத்தில் இருந்தவர்கள் என்று எழுத்தில் குறித்து, தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப் புகார் வாசற்படியோடு நின்றுவிடும்.

#23 · வள்ளியாறு · தக்கலை

எல்லோருக்கும் நன்றி. வக்கீல் சார் சொன்னபடி எழுதத் தொடங்கினேன். எழுதியதும் ஒன்று தெளிவானது. வகுப்பறைக்குள் நடந்தது ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் கழிப்பறைப் பக்கமும், மாலையில் வேனுக்குக் காத்திருக்கும் இடத்திலும், வேனுக்குள்ளும். வேனில் டிரைவர் ஒருவர்தான் பெரியவர், அவருக்குச் சாலையைப் பார்க்கவே நேரம் போதாது. பின் இருக்கை பெரிய பிள்ளைகள் ராஜ்யம்.

கடலோடி மகள் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்தது. பட்டப்பெயர் வேனில் பிறந்திருக்கிறது. எங்கள் தெருப் பையன், ஐந்தாம் வகுப்பு, அவன் வாயிலிருந்து. ஆசிரியை அதைக் கேட்டுச் சிரித்தாராம். அந்த வகுப்பில் ஒரு சிறுமி மட்டும் என் மகனை இன்னும் அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள் என்றும் தெரிந்துகொண்டேன்.

#24 · தேரடி வாத்தியார் · சுசீந்திரம்

அந்தச் சிறுமிதான் உங்கள் வழி. அவள் பெற்றோரிடம் பேசி, விடுமுறை நாளில் இரண்டு பிள்ளைகளையும் சேர்ந்து விளையாட விடுங்கள். அவளிடம் 'இவனைப் பார்த்துக்கொள்' என்று பொறுப்பு ஒப்படைக்க வேண்டாம், எட்டு வயதுக்கு அது பாரம். தோழியாக இருந்தால் போதும்.

பள்ளியில் கேட்க வேண்டியது தண்டனை அல்ல. வேன் ஏறும் இடத்தில் ஒரு பெரியவர், கழிப்பறை வெளித்தாழ்ப்பாளைக் கழற்றுவது, பட்டப்பெயர் சொன்னால் சிரிக்க மாட்டோம் என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒரு முடிவு. இவை மூன்றுக்கும் செலவு ஒரு திருப்புளிதான். இரண்டு தரப்புப் பிள்ளைகளையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைக்கிற சமரசத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். சம பலம் இல்லாதவர்களைச் சமரசம் பேச வைத்தால் சின்னவன்தான் விட்டுக்கொடுப்பான்.

இன்னொன்று. வகுப்பில் பொதுவாகத் துன்புறுத்தல் குறைந்த பிறகும் உங்கள் மகனுக்கு மட்டும் அது தொடர்ந்தால் உடனே ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள். எல்லோருக்கும் சரியாகி ஒருவனுக்கு மட்டும் சரியாகாத வகுப்பில், 'என்னிடம்தான் ஏதோ கோளாறு' என்று அந்த ஒருவன் நினைத்துக்கொள்வான். ஆய்வாளர்கள் இதையும் கவனித்திருக்கிறார்கள்.

#25 · கருங்கல் அம்மா

மலையோரம் டீச்சர், பெயர் எழுதுகிற வேலையை என் பையனிடமிருந்து எடுத்துவிட்டால் அவன் மனம் உடையாதா? அவனுக்கு அது பெரிய பெருமை.

#26 · மலையோரம் · பேச்சிப்பாறை பக்கம்

அவனிடமிருந்து மட்டும் எடுத்தால் உடையும், கருங்கல் அம்மா. அது தண்டனை போல ஆகிவிடும். எங்கள் பள்ளியில் தலைவர் பதவியை வாரம் ஒருவர் என்று சுழற்சியில் விட்டோம். அகரவரிசைப்படி எல்லோருக்கும் முறை வரும், சூளைப் பிள்ளைக்கும், காணிப் பிள்ளைக்கும், வாய் திறக்காத பிள்ளைக்கும். அளவுகோல் கிடையாது. தண்ணீர்க் குடம் நிரம்பியிருக்கிறதா, மின்விசிறி அணைத்தாயிற்றா, யாராவது தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பதுதான் வேலை. இப்படிச் செய்தால் கூடம் முன்பைவிட இரைச்சலாகத்தான் இருக்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அதைக் குறையாகவும் எழுதிவிட்டுப் போனார்.

உங்கள் மகன் கெட்டிக்காரன் என்றால் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிற வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பெருமைக்குப் பெருமை, பலகையும் கையில் இருக்காது.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுழற்சி தொடங்கிய புதிதில் பழைய பழக்கம் விடாமல் ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுவன் பலகையில் பெயர் எழுதத் தொடங்கினான். வகுப்பு நேரத்தில் கைப்பேசியில் பேசியதற்காக முதல் பெயராக என் பெயரை எழுதி, பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறியும் போட்டிருந்தான்.